20 கிலோ இழுத்தால் 0.05: அலுமினியம் வெட்டும் ரூட்டர் கட்டி முடித்த பதிவு

போன செவ்வாய்க்கிழமை, நானே கட்டிய சி.என்.சி. ரூட்டரின் (கம்ப்யூட்டர் ஓட்ட, சுழலும் கட்டரால் வெட்டும் மெஷின்) மேஜையில் 12 மி.மீ. 6061 அலுமினியப் பிளேட் ஒன்றைக் கட்டி, 6 மி.மீ. கட்டரை 3 மி.மீ. ஆழத்துக்கு இறக்கி ஓட விட்டேன். தொடக்கம் முதல் கடைசி வரை ஒரே சத்தம். கட்டர் வெட்டிய காடியின் சுவரில் நகத்தை ஓட்டிப் பார்த்தேன், எங்கும் தடுக்கவில்லை. பதினான்கு மாதமாகக் காத்திருந்தது அந்த நகத்துக்காகத்தான். மறப்பதற்குள் எழுதி வைத்துவிடுகிறேன். இதே மாதிரி ஒன்று கட்ட நினைப்பவர்களுக்கு என் பிழைகளாவது மிச்சமாகட்டும்.

எனக்குத் தொழில் பேட்டர்ன் செய்வது, அதாவது உலோகம் வார்க்க மணலில் அச்சு எடுக்கும் மாதிரி உருவைச் செய்வது. கோவை கணபதியில் சின்னப் பட்டறை. பம்ப் கேசிங், இம்பெல்லர், மோட்டார் பாடி என்று ஃபவுண்டரிக்காரர்கள் கேட்பதை மரத்திலும் ரெசினிலும் செய்து கொடுப்பேன். அலுமினிய மேட்ச் பிளேட் (இரண்டு பக்கமும் பேட்டர்ன் உள்ள தட்டு) என்று கேட்டால் மட்டும் வெளியே கொடுத்து வாங்க வேண்டியிருந்தது. என்னிடம் இருந்த ரூட்டர் அலுமினிய புரொஃபைலில், 20 மி.மீ. உருண்டை ராடு வைத்துக் கட்டியது. தேக்கு, எம்.டி.எஃப். எல்லாம் அழகாக வெட்டும். அலுமினியத்தில் இறக்கினால் அரை மி.மீ. ஆழத்திலேயே அலறும். காடியின் சுவர் மீன் செதில் மாதிரி வரும்.

முதலில் ஸ்பிண்டில் (கட்டரைச் சுழற்றும் மோட்டார்) போதவில்லை என்று நினைத்தேன். பிறகு கட்டர் சரியில்லை என்று நினைத்தேன். இந்த இரண்டு நினைப்பிலும் ஏழாயிரம் ரூபாய் போனது. கடைசியில் ஒருநாள் கேஸ் சிலிண்டர் எடை பார்க்கும் கொக்கித் தராசை ஸ்பிண்டில் மூக்கில் மாட்டி, மேஜையில் டயல் (நூறில் ஒரு மி.மீ. நகர்வையும் காட்டும் கருவி) ஸ்டாண்டை வைத்து, பக்கவாட்டில் 20 கிலோ இழுத்தேன். டயல் 0.74 மி.மீ. காட்டியது. இழுப்பை விட்டதும் பழைய இடத்துக்கே திரும்பியது. அதாவது லூசாக எதுவும் இல்லை, மெஷின் மொத்தமுமே ஸ்பிரிங்காக இருந்தது. அன்றிலிருந்து இந்த 20 கிலோ சோதனைதான் எனக்கு அளவுகோல். எதை மாற்றினாலும் முன்னே ஒரு முறை, பின்னே ஒரு முறை இழுத்து நோட்டில் எழுதுவேன்.

புது மெஷினில் பாலம் (ஸ்பிண்டிலைத் தாங்கும் குறுக்குச் சட்டம்) நகராது, மேஜைதான் நகரும். நகராத பாலத்தை எவ்வளவு கனமாக வேண்டுமானாலும் கட்டலாம், மோட்டாருக்கு அந்தச் சுமை கிடையாது. ஓட்டம் எக்ஸில் (பாலத்தின் நீளவாக்கில்) 420, ஒய்யில் (மேஜை நகரும் வாக்கில்) 480, இசட்டில் (மேலும் கீழும்) 140 மி.மீ. என் மேட்ச் பிளேட்டுகளுக்கு இது போதும். அடித்தளம் 100க்கு 100, 6 மி.மீ. கனச் சதுர டியூப். தூண்களும் பாலமும் 150க்கு 150, 8 மி.மீ. கனம். பாலத்தின் முகத்தில் மேலும் கீழும் 40 அகலம், 20 கனப் பட்டை வெல்டு செய்து, அதன் மேல் 20 அளவு லீனியர் கைடு (பிளாக்குகள் நேராக ஓடும் தண்டவாளம்) உட்காரும். மேஜைக்கு 25 மி.மீ. பிளேட், அது மட்டுமே 53 கிலோ. டியூபும் பிளேட்டும் சேர்த்து மொத்த இரும்பு 260 கிலோ வந்தது.

வெல்டிங்கை நானும் பக்கத்துப் பட்டறைத் தம்பியும் சேர்ந்து செய்தோம். தொடர்ச்சியாக இழுக்காமல், 40 மி.மீ. வைத்து, எதிர்ப்பக்கம் 40 மி.மீ. வைத்து, ஆறவிட்டு மறுபடியும் என்று மூன்று நாள் ஆனது. அப்படியும் அடித்தளத்தின் ஒரு மூலை 2 மி.மீ. தூக்கிக்கொண்டது. பிளேனோ மில்லிங் (பெரிய பாகங்களின் முகத்தைத் தட்டையாகச் சீவும் வேலை) போடும் பெரியவரிடம் பாகங்களைக் கொண்டு இறக்கியபோது அவர் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்:

“தம்பி, வெல்டு வெச்சதுக்கு அப்பறம் ஃபர்னஸ்ல போட்டு எடுத்தீங்களா?”

“அடித்தளத்தையும் தூணையும் போட்டாச்சுங்கய்யா. பாலம் போடலீங்க. அது தடிமன் ஜாஸ்தி, நேராத்தான் இருக்குது.”

“இப்ப நேராத்தானுங் இருக்கும். அப்பறம் அது தன்னால நவுரும், பாத்துக்கோங்க.”

ஃபர்னஸில் 600 டிகிரி அளவுக்குச் சூடேற்றி, உள்ளேயே மெல்ல ஆறவிட்டு எடுப்பார்கள். வெல்டிங் உள்ளே முறுக்கி வைத்திருப்பது அதில் தளர்ந்துவிடும். அடித்தளத்துக்கும் தூண்களுக்கும் சேர்த்து 3,200 ரூபாய் ஆகியிருந்தது. பாலத்துக்கு இன்னும் ஒரு ஆயிரம் ஆகியிருக்கும். வண்டி வாடகையையும் நாளையும் மிச்சம் பிடித்தேன். அவர் சொல்லியும் கேட்காமல் பாலத்தை அப்படியே மில்லிங் போடச் சொன்னேன். இரண்டு பட்டையும் ஒரே தளத்தில், 0.02க்குள் வந்தது. கைடு சாய்ந்து உட்கார 3 மி.மீ. படி ஒன்றும் வெட்டிக் கொடுத்தார். கூலி எல்லாவற்றுக்கும் சேர்த்து 14,500.

அதற்குப் பிறகு செய்ததுதான் இந்த வேலையிலேயே பெரிய பிழை. வெறும் டியூபைச் சுத்தியலால் தட்டினால் கோயில் மணி மாதிரி நாதம் வரும். அந்த அதிர்வை அடக்க உள்ளே எபாக்ஸியும் கல்லும் நிரப்புவது என்று முன்பே முடிவு செய்திருந்தேன். கிரானைட் அறுக்கும் இடத்தில் சில்லு வாங்கி, சலித்து, 3 முதல் 6 மி.மீ. வரை உள்ளதை எடுத்துக்கொண்டேன். கல்லுக்கு நடுவே உள்ள இடுக்கை அடைக்க, எனக்குத் தெரிந்த ஃபவுண்டரியிலிருந்து சிலிக்கா மணல். இரண்டையும் இரும்புச் சட்டியில் வறுத்து ஈரம் போக்கினேன். ஈரம் இருந்தால் ரெசின் சரியாகப் பிடிக்காது. எடையில் நூற்றுக்குப் பதினொன்று ரெசின். கலந்தால் ஈர மண் மாதிரி இருக்கும், ஊற்ற வராது. அள்ளிப் போட்டு ராடால் குத்திக் குத்தி இறுக்க வேண்டும்.

பாலத்தை நிமிர்த்தி வைத்து 33 கிலோ கலவையையும் ஒரே மூச்சில் நிரப்பினேன். சித்திரை மாத மத்தியானம். ஒரு மணி நேரத்தில் டியூபின் வெளிப்பக்கம் கை வைக்க முடியாத சூடு. ரெசின் இறுகும்போது தானே சூடு கிளப்பும். இவ்வளவு கனமாக ஒரே இடத்தில் அடைத்தால் அந்தச் சூடு வெளியேற வழியில்லை. மறுநாள் ஆறிய பிறகு தெரிந்த டூல் ரூமில், தட்டை பார்க்கும் கிரானைட் சர்ஃபேஸ் பிளேட் மேல் வைத்து டயல் ஓட்டினேன். நடுவில் 0.11 மி.மீ. வில்லாக வளைந்திருந்தது. வெல்டிங்கின் முறுக்கு பாதி, ரெசின் சூடு பாதி என்பது என் கணிப்பு. உள்ளே ரெசின் இருப்பதால் இனி ஃபர்னஸிலும் போட முடியாது.

இரண்டு வாரம் அப்படியே விட்டு, டயலில் மாற்றம் நின்ற பிறகு, மறுபடியும் அந்தப் பெரியவரிடமே கொண்டு போனேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. பட்டைகளில் மறுபடி ஓட்டி, படியையும் புதிதாக வெட்டிக் கொடுத்தார். 9,000 ரூபாய். 20 மி.மீ. பட்டை வைத்திருந்ததால் எடுக்க இடம் இருந்தது. 10 வைத்திருந்தால் பாலமே வீண். தூண்களை நிரப்பும்போது ராத்திரியில், நான்கு தடவையாக, ஒவ்வொன்றும் ஆறிய பிறகே அடுத்தது என்று நிரப்பினேன். கை வெதுவெதுப்புக்கு மேல் போகவில்லை. நிரப்பிய பாலம் 73 கிலோ. சுத்தியலால் தட்டினால் மரக்கட்டையைத் தட்டின மாதிரி ‘டொக்’ என்று நிற்கிறது.

கைடு உட்கார்த்துவது பொறுமை வேலை, ஆனால் கஷ்டமில்லை. 60 மி.மீ. இடைவெளியில் 4.2 டிரில், எம்5 டேப்பு (மரை). பாலத்துக்கு மட்டும் 28 ஓட்டை. மேல் கைடை படியோடு அழுத்திப் பிடித்து முதலில் இறுக்கினேன். கீழ் கைடைத் தளர்வாக வைத்து, இரண்டு கைடிலும் பிளாக்குகளைச் சேர்த்துக் கட்டிய சேடிலை (ஸ்பிண்டிலைச் சுமந்து பாலத்தில் ஓடும் தட்டு) ஓடவிட்டு, அது நிற்கிற இடத்திலெல்லாம் பக்கத்து போல்டை இறுக்கிக்கொண்டே போக வேண்டும். கையால் தள்ளும்போது எங்காவது பிடித்தால் அங்கே மறுபடி தளர்த்த வேண்டும். ஒரு சாயங்காலத்தில் முடிந்தது.

இசட்டில் பழைய மெஷினில் செய்த தவறைத் திருத்தினேன். அதில் கைடு சேடிலில் இருந்தது, பிளாக் நகரும் பிளேட்டில். கட்டர் இறங்க இறங்க, பிடிப்பும் பிளேட்டோடு கீழே போய்விடும், பாலத்திலிருந்து தூரம் கூடும். இப்போது தலைகீழ். பிளாக்குகள் சேடிலின் கீழ் விளிம்பிலேயே நிற்கின்றன, கைடு பிளேட்டோடு இறங்குகிறது. ஸ்பிண்டிலை முழுதும் மேலே ஏற்றி வேலை செய்யும்போது மூக்குக்கும் பிளாக்குக்கும் உள்ள தூரம் மிகக் குறைவு. அலுமினியப் பிளேட் வேலை பெரும்பாலும் அந்த உயரத்தில்தான் நடக்கிறது.

கனமாகக் கட்டியதில் வந்த இன்னொரு சிக்கல்: 20 மி.மீ. பிளேட், பிடி, ஸ்பிண்டில் எல்லாம் சேர்த்து இசட் 28 கிலோ. மெஷின் ஓடத் தொடங்கிய பிறகு ஒருநாள் கரண்ட் போனது, மோட்டார் பிடி விட்டது. இசட்டை ஏற்றி இறக்கும் பால் ஸ்க்ரூவுக்குத் தானாக நிற்கும் குணம் கிடையாது, கழன்று சுற்றிக்கொண்டே இறங்கியது. கட்டர் முறிந்து, பாதி முடிந்திருந்த மேட்ச் பிளேட்டில் பள்ளம் விழுந்தது. பிரேக் வைத்த மோட்டார் விலை அதிகம். கார் டிக்கியைத் தாங்கும் கேஸ் ஸ்பிரிங்கில் 100 நியூட்டன் என்று அச்சிட்ட இரண்டை உக்கடம் பழைய இரும்புக் கடையில் தேடி எடுத்து இரண்டு பக்கமும் மாட்டினேன். இருபது கிலோவை அவை தாங்குகின்றன. இப்போது கரண்ட் போனால் இசட் இருந்த இடத்திலேயே நிற்கிறது.

எல்லாம் பூட்டி முதல் முறையாகக் கொக்கித் தராசை மாட்டினேன். எக்ஸ் பக்கம் 20 கிலோ இழுப்புக்கு 0.16 மி.மீ. பழையதைவிட நாலரை மடங்கு நல்லதுதான். ஆனால் 350 கிலோ இரும்பையும் கல்லையும் வைத்துக்கொண்டு 0.16 என்பது எனக்குச் சமாதானமாகவில்லை. அலுமினியத்தில் 1 மி.மீ. ஆழம் வரை நன்றாக ஓடியது, அதற்கு மேல் மறுபடியும் அதே அலறல்.

வேலை கற்றுக்கொடுத்தது அடுத்த இரண்டு வாரம்தான். டயல் ஸ்டாண்டை மேஜையில் வைத்தால் மொத்த வளைவும் சேர்ந்து தெரியும். ஸ்டாண்டை ஒவ்வொரு பாகத்தின் மேலும் மாற்றி மாற்றி வைத்து, அடுத்த பாகத்தைத் தொட வைத்து இழுத்தால், எந்த இணைப்பில் எவ்வளவு போகிறது என்பது தனித்தனியாகத் தெரியும். தூணின் அடியில் 0.05. ஸ்பிண்டில் பிடியில் 0.06. ஸ்க்ரூவின் முனை பேரிங்கில் 0.03. மற்ற எல்லாம் சேர்த்து 0.02. பாலத்தின் முறுக்கைப் பார்க்க ஒய் பக்கம் இழுத்தேன். அது 0.01 கூட நகரவில்லை. இரண்டு தடவை மில்லிங், 33 கிலோ கலவை, இத்தனை மாதக் கவலை எல்லாம் நான் கொட்டியது பாலத்தில். வளைந்துகொண்டிருந்தது வேறு இடங்கள்.

தூணின் அடியை முதலில் எடுத்தேன். தூணின் பாதப் பிளேட்டை அடித்தள டியூபின் 6 மி.மீ. சுவரில் டேப்பு போட்டு இறுக்கியிருந்தேன். அந்தச் சுவர் தகர டப்பாவின் மூடி மாதிரி உள்ளேயும் வெளியேயும் அமுங்குகிறது. டியூபைக் குறுக்கே துளைத்து, கனமான பைப்பை உள்ளே நுழைத்து இரண்டு முனையிலும் வெல்டு வைத்து, எம்16 போல்டை மேலிருந்து கீழ் வரை போட்டு இறுக்கினேன். அடித்தளத்தை மறுபடி மட்டம் பார்க்க வேண்டியதாயிற்று. அளவு 0.12க்கு வந்தது.

ஸ்பிண்டில் பிடி என் தொழிலோடு சேர்ந்த வேலை என்பதால் அதைச் செய்தது பெரிய சந்தோஷம். கடையில் வரும் 80 மி.மீ. அலுமினியப் பிடி மெல்லியது, ஸ்பிண்டிலை ஒரு சிறு அகலத்தில் மட்டும் கவ்வும். 140 மி.மீ. நீளத்துக்குக் கவ்வும் மாதிரி நானே தேக்கில் பேட்டர்ன் செய்தேன். வார்ப்பிரும்புக்கு நூற்றுக்கு ஒன்று சுருக்கம், துளைக்கு 72 மி.மீ. கோர் (துளை விழ உள்ளே வைக்கும் மணல் கட்டி), மெஷினிங்குக்கு மற்ற எல்லாப் பக்கமும் 3 மி.மீ. தெரிந்த ஃபவுண்டரியில் எஃப்.ஜி. 260 வார்ப்பிரும்பு ஊற்றும் நாளில் என் பெட்டியையும் வைத்துக் கொடுத்தார்கள். போரிங்கில் 80க்குத் திறந்து, பக்கத்தில் ஒரு கீறல் அறுத்து, நான்கு எம்8 அல்லன் போல்ட். 9 கிலோ. போரிங்கோடு சேர்த்து 3,800 ரூபாய்தான் ஆனது. மாட்டி இழுத்ததும் 0.07. மொத்த மெஷினிலும் கொடுத்த காசுக்கு அதிகம் திருப்பிக் கொடுத்தது இந்த ஒரு வார்ப்புதான்.

மூன்றாவது, ஸ்க்ரூவின் முனையில் இருந்த பி.கே.12 தாங்கி. பிரித்துப் பார்த்தால் உள்ளே சாதாரண பால் பேரிங். முன்னும் பின்னும் தள்ளும் சுமைக்கு அது ஆகாது. அந்தச் சுமையையும் தாங்கும் 7001 ஆங்குலர் காண்டாக்ட் பேரிங்குகளை ஜோடியாக, ஒன்றுக்கொன்று எதிராகத் திருப்பி வைத்து நட்டை இறுக்கினேன். 0.05. அங்கே நிறுத்திக்கொண்டேன்.

ஸ்பிண்டிலை மேஜைக்குச் செங்குத்தாக்க, கட்டரைப் பிடிக்கும் கோலெட்டில் 150 மி.மீ. கை ஒன்றை மாட்டி, அதில் டயல் வைத்துக் கையால் சுற்றினேன். முன்னும் பின்னும் 0.09 வித்தியாசம். புதுப் பிடிக்குக் கீழே 0.05 பித்தளை ஷிம் (மெல்லிய தகடு) வைத்து 0.02க்குள் கொண்டுவந்தேன். எலக்ட்ரிக்கல் பற்றி அதிகம் எழுத ஒன்றுமில்லை. பழைய கம்ப்யூட்டரில் லினக்ஸ் சி.என்.சி. மென்பொருள், குளோஸ்டு லூப் நெமா 23 மோட்டார் மூன்று, 2.2 கிலோவாட் வாட்டர் கூல்டு ஸ்பிண்டில். வி.எஃப்.டி. (ஸ்பிண்டில் வேகத்தை மாற்றும் பெட்டி) ஓடினால் லிமிட் ஸ்விட்ச் (ஓட்டத்தின் எல்லையில் நிறுத்தும் ஸ்விட்ச்) பொய்யாக அடித்தது. ஷீல்டு கேபிள் போட்டு, ஷீல்டை ஒரு முனையில் மட்டும் எர்த் செய்து, ஸ்பிண்டில் ஒயரைத் தனிப் பாதையில் கொண்டுபோனதும் நின்றது.

இப்போது 6061இல் 6 மி.மீ. ஒற்றைப் பல் கார்பைடு, 18,000 சுற்று, நிமிடத்துக்கு 1,080 மி.மீ. ஃபீட், 3 மி.மீ. ஆழம். கட்டிங் ஆயிலைத் தண்ணீரில் 20க்கு 1 கலந்து காற்றோடு தெளிக்கிறேன். அது இல்லாமல் ஓட்டினால் ஒரு நிமிடத்தில் அலுமினியம் கட்டரில் ஒட்டிக்கொள்ளும். பாத்திரக்கடை மெத்து அலுமினியம் கொடுத்து வெட்டச் சொன்னால் தெளித்தாலும் ஒட்டும், அதை இனி வாங்கப்போவதில்லை. எம்.எஸ். (சாதாரண இரும்பு) பிளேட்டும் முயன்றேன். நான்கு பல் கட்டர், 6,000 சுற்று, 480 ஃபீட், 0.3 ஆழம். வெட்டுகிறது, சுவரும் சுத்தம். ஆனால் இந்த ஸ்பிண்டிலுக்குக் குறைந்த சுற்றில் திராணி கிடையாது, அவசரத்துக்கு மட்டும்.

செலவு: இரும்பு 18,200, ஃபர்னஸ் 3,200, மில்லிங் இரண்டு தடவைக்கும் 23,500, கைடும் பிளாக்கும் 26,000, பால் ஸ்க்ரூவும் பேரிங்கும் 21,000, மோட்டார் டிரைவர் 28,500, ஸ்பிண்டிலும் வி.எஃப்.டி.யும் 27,000, ரெசின் கல் மணல் 4,500, வார்ப்பு 3,800, கம்ப்யூட்டர் 4,000, மின் சாமான் 11,000. மொத்தம் 1,70,700. இதில் அந்த 9,000 நான் பாலத்தை ஃபர்னஸில் போடாததற்குக் கொடுத்தது. என் கூலியைச் சேர்க்கவில்லை.

மறுபடி கட்டினால் வரிசை இதுதான்: வெல்டு, ஃபர்னஸ், சிறிது சிறிதாக நிரப்புதல், இரண்டு வாரம் காத்திருத்தல், கடைசியில் மில்லிங். பாலத்துக்கு 200 உயர டியூப் எடுப்பேன். இப்போது இரண்டு கைடுக்கும் நடுவே 110 மி.மீ.தான், அது குறைவு. டியூப் சுவரில் ஒரு போல்டு கூட டேப்பு போட்டு மாட்ட மாட்டேன். பிடியை முதல் நாளே வார்த்துவிடுவேன்.

ஒய் பக்கம் இன்னும் 0.07 காட்டுகிறது. ஸ்டாண்டை மாற்றி மாற்றி வைத்துப் பார்த்ததில் பாதிக்கு மேல் மேஜைக்கும் அதன் பிளாக்குகளுக்கும் நடுவில் இருக்கிறது. பிளாக்குகளை முன்னும் பின்னும் 60 மி.மீ. தள்ளி வைக்க இடம் இருக்கிறது, புது ஓட்டைகளுக்கு மார்க்கிங் போட்டு வைத்திருக்கிறேன். கையில் இருக்கும் இம்பெல்லர் மேட்ச் பிளேட் வெள்ளிக்கிழமை போக வேண்டும். அது போனதும் மேஜையைக் கழற்றுகிறேன்.